770-ஆம் நம்பர் ஆணை

'4 மாதங்கள், 3 வாரங்கள், 2 நாட்கள்.'

படிக்கிறபோது ஏதோ கோர்ட் தீர்ப்பு மாதிரி இருக்கிறது. அல்லது கூட்டுறவு வங்கியில் டெபாசிட் போட்ட கணக்கு. இரண்டும் இல்லை. இது ஒரு ருமேனியப் படத்தின் பெயர். 2007-ல் கான் திரைப்பட விழாவின் பெரிய விருதான தங்கப் பனையை வாங்கியது. அதை வாங்கிய முதல் ருமேனிய முழுநீளப் படம். டைரக்டர் கிறிஸ்டியன் முஞ்ஜியு. தலைப்பில் இருக்கும் கணக்கு, ஒரு கர்ப்பத்தின் வயது.

நம்ம ஊர் சினிமாவில் கர்ப்பம் என்றால் பெரும்பாலும் இரண்டே சீன்தான். கதாநாயகி மயங்கி விழுவாள். டாக்டரம்மா நாடி பிடித்துப் பார்ப்பார். கல்யாணம் ஆனவள் என்றால் மாமியார் சர்க்கரையோடு ஓடி வருவார். ஆகாதவள் என்றால் வெளியே இடி இடிக்கும், பின்னணியில் வயலின் அழும். 'எப்படியாவது கலைச்சிடுங்க டாக்டர்' என்று யாராவது கெஞ்சினால், 'ரொம்ப லேட்டாயிடுச்சும்மா' என்று பதில் வரும். அவ்வளவுதான். அடுத்த சீனில் கதை கல்யாண மண்டபத்துக்கோ ரயில் தண்டவாளத்துக்கோ போய்விடும். நடுவில் அந்தப் பெண் என்ன செய்தாள், யாரிடம் போனாள், எவ்வளவு பணம் புரட்டினாள், கூட யார் போனார்கள் என்பதையெல்லாம் கேமரா காட்டாது.

முஞ்ஜியு அந்த நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒரே ஒரு நாள். 113 நிமிஷம். வயலின் கிடையாது. பின்னணி இசை என்பதே கிடையாது.

1987-ஆம் வருஷம். பெயர் சொல்லப்படாத ஒரு ஊர். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் தங்கியிருக்கும் இரண்டு பெண்கள், ஓட்டிலியாவும் கபிட்சாவும். காலையிலிருந்து எங்கோ கிளம்பத் தயாராகிறார்கள். சோப்பு வாங்க வேண்டும், சிகரெட் வாங்க வேண்டும், கடன் கேட்க வேண்டும், மேஜை மேல் விரிக்கிற பிளாஸ்டிக் ஷீட்டை மறக்காமல் எடுத்து வைக்க வேண்டும். ஏதோ பிக்னிக் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்போம். அந்த பிளாஸ்டிக் ஷீட் எதற்கு என்பது புரிகிறபோது வயிற்றைப் பிசைகிறது.

கபிட்சா கர்ப்பம். கலைக்க வேண்டும். அன்றைய ருமேனியாவில் அது குற்றம். கலைக்கச் சொன்னவள், கலைத்தவர், கூட நின்றவள் எல்லோருக்குமே ஜெயில் காத்திருக்கிறது. கபிட்சா கர்ப்பத்துக்குக் காரணமான ஆண் யார்? படம் முடிகிற வரை தெரியாது. அவன் வரவே மாட்டான். அந்த இல்லாமையே ஒரு விமரிசனம்தான்.

இந்தப் படத்தைப் பற்றி உலகம் பூராவும் நிறைய எழுதிவிட்டார்கள். நடிப்பு அபாரம், ஒலெக் முட்டுவின் கேமரா அபாரம், நீளமான ஷாட்டுகள் அபாரம். எல்லாம் சரி. எனக்கு இந்தப் படம் வேறு ஒரு காரணத்துக்காக முக்கியமாகப் படுகிறது. நான் படித்தது பி.காம். முதல் வருஷத்திலேயே எங்கள் தலையில் அடித்து ஏற்றிய விஷயம், எந்தப் பதிவுக்கும் இரண்டு பக்கம் உண்டு என்பது. ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியாக வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு 'லாபம்' என்று சொன்னால், அதற்குப் பெயர் கணக்கில்லை, மோசடி. ருமேனிய அரசாங்கம் 23 வருஷம் ஒரு பக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டிருந்தது. முஞ்ஜியுவின் படம் மறுபக்கம்.

முதல் பக்கத்தை முதலில் பார்த்துவிடலாம்.

*

1957-லிருந்து ருமேனியாவில் கருக்கலைப்பு சட்டபூர்வமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டால் செய்துவிடுவார்கள். அதே சமயம் கருத்தடை மாத்திரையோ மற்ற சாதனங்களோ சாதாரண ஜனங்களுக்குக் கிடைப்பது அபூர்வம். விளைவு? கருக்கலைப்பே குடும்பக் கட்டுப்பாடு ஆகிவிட்டது. 1965-ல் ஒரு குழந்தை பிறந்தால் நான்கு கருக்கலைப்பு நடந்தது. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் சுமார் 11 லட்சம். இது ஆரோக்கியமான நிலைமை என்று யாரும் சொல்ல முடியாது. மாத்திரையும் ஆணுறையும் செய்ய வேண்டிய வேலையை ஆபரேஷன் மேஜையில் செய்துகொண்டிருந்தார்கள்.

அப்போது புதிதாகத் தலைமைக்கு வந்திருந்தவர் நிகோலே சௌசெஸ்கு. பிறப்பு விகிதம் சரிந்துகொண்டே போவதைப் பார்த்தார். தொழிற்சாலைக்கு ஆள் வேண்டும், ராணுவத்துக்கு ஆள் வேண்டும். சுமார் 1 கோடியே 90 லட்சமாக இருந்த ஜனத்தொகையை இரண்டரைக் கோடிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது இலக்கு. 1966 அக்டோபரில் வந்தது 770-ஆம் நம்பர் ஆணை. கருக்கலைப்புக்குத் தடை. விதிவிலக்கு யாருக்கு? 45 வயது தாண்டியவர்களுக்கு, ஏற்கெனவே நாலு பிள்ளை பெற்றவர்களுக்கு, உயிருக்கு ஆபத்து, பலாத்காரம் போன்ற சில காரணங்களுக்கு. கருத்தடை சாதனங்களும் கிட்டத்தட்டக் காணாமல் போயின. 25 வயதுக்கு மேல் பிள்ளை இல்லாமல் இருந்தால் அதற்கு ஒரு வரி. ஆணும் கட்ட வேண்டும், பெண்ணும் கட்ட வேண்டும். பத்துப் பிள்ளை பெற்றால் 'வீரத் தாய்' என்று பதக்கம்.

பலன் உடனே தெரிந்தது. 1966-ல் பிறந்த குழந்தைகள் சுமார் 2 லட்சத்து 74 ஆயிரம். 1967-ல் 5 லட்சத்து 28 ஆயிரம். ஒரே வருஷத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.9 குழந்தை என்றிருந்தது 3.7 ஆக எகிறியது. இவ்வளவு பெரிய நாட்டில் இவ்வளவு வேகமான ஏற்றம் வேறு எங்கும் பார்ப்பது கஷ்டம். அதிகாரிகள் அறிக்கை எழுதிச் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அந்த ஏற்றம் நிற்கவில்லை. ஜனங்கள் முதல் அதிர்ச்சியிலிருந்து மீண்டதும் வழி கண்டுபிடித்தார்கள். கள்ளத்தனமான வழி, ஆபத்தான வழி, ஆனால் வழி. பிறப்பு விகிதம் 1968-லிருந்தே இறங்க ஆரம்பித்தது. 1983-ல் ஆயிரம் பேருக்குச் சுமார் 14 பிறப்பு. அதாவது ஆணை போடுவதற்கு முன்னால் 1966-ல் எங்கே இருந்ததோ, சுற்றிச் சுற்றி அதே இடம். பதினேழு வருஷம் தடை போட்டுவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

கெட்டிக்கார அரசாங்கமாக இருந்தால் இந்த இடத்தில் யோசித்திருக்கும். சௌசெஸ்கு இறுக்கினார். தொழிற்சாலைகளில் பெண்களுக்குக் கட்டாய மருத்துவப் பரிசோதனை. யாராவது கர்ப்பமாக இருந்தால் குறித்துக்கொள்வார்கள். பிறகு அந்தக் கர்ப்பம் காணாமல் போனால் விசாரணை. 1985-ல் நாலு பிள்ளை என்ற விதிவிலக்கு ஐந்து பிள்ளை ஆனது. வேலைக்குப் போகிற ஒரு பெண்ணின் மாதவிலக்கு, அரசாங்க ஃபைலில் ஒரு பக்கம் ஆகிவிட்டது.

*

இப்போது படத்துக்குத் திரும்பலாம். 1987 என்றேனே, இந்த இறுக்கத்தின் உச்சத்தில் நடக்கிற கதை அது.

ஆனால் மேலே சொன்ன எதையும் முஞ்ஜியு படத்தில் சொல்வதில்லை. ஆணை என்ன, நம்பர் என்ன, யார் போட்டார்கள் என்று ஒரு வரி விளக்கம் கிடையாது. யாரும் அரசியல் பேசுவதில்லை. அவர் காட்டுவது, சட்டம் எப்படி ஒரு சாதாரண நாளுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது என்பதை. ஓட்டலில் ரூம் கேட்டால் ரிசப்ஷனில் இருக்கும் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 'இல்லை' என்கிறார். புக் செய்தோமே என்றால், செய்யவில்லை என்கிறார். உள்ளே போகவும் வெளியே போகவும் அடையாள அட்டை கேட்கிறார்கள். எதற்கு வந்தீர்கள், ஏன் ரூம், விடுதி இருக்கிறதே என்று கேள்வி. கெஞ்ச வேண்டும், பொய் சொல்ல வேண்டும், அமெரிக்க சிகரெட் பாக்கெட்டைக் கையில் திணிக்க வேண்டும். இரண்டு பெண்களும் நாள் முழுக்கப் பொய் சொல்கிறார்கள். பழகிப்போன பொய்கள்.

பிறகு அந்த ஆள் வருகிறார். பெயர் பெபே. விளாட் இவானோவ் நடித்திருக்கிறார். நல்ல வேளை, நம் பட வில்லன்கள் மாதிரி சிரிக்க மாட்டார். குரலைக்கூட அதிகம் உயர்த்த மாட்டார். ஓர் அரசாங்க ஆபீஸ் ஹெட் கிளார்க் மாதிரி, ஒவ்வொரு தப்பாக எடுத்துச் சொல்லிக்கொண்டே வருவார். நான் சொன்ன ஓட்டலில் ரூம் போடவில்லை. நேரில் நீ வராமல் சிநேகிதியை அனுப்பினாய். பிளாஸ்டிக் ஷீட் எங்கே? எத்தனை மாசம் என்று போனில் சொன்னாய், இப்போது எத்தனை மாசம் என்கிறாய்? நாலு மாசம் தாண்டினால் கேஸே வேறு, கொலைக் கேஸ், மாட்டினால் எனக்கு எத்தனை வருஷம் தெரியுமா?

அவர் சொல்வது அத்தனையும் உண்மை. அதுதான் பயங்கரம். ரிஸ்க் அதிகமானால் விலை அதிகம். எந்த வியாபாரத்திலும் இதுதான் விதி. இரண்டு பெண்களிடமும் இருக்கிற பணம் போதவில்லை. அவர் பணம் என்று எங்கேயும் கேட்கவில்லையே என்கிறார். அவர் கேட்கிற விலை வேறு. கபிட்சாவிடம் மட்டுமில்லை, கூட வந்த ஓட்டிலியாவிடமும்.

கேமரா அந்த அறைக்குள் போகாது. பாத்ரூமில் உட்கார்ந்திருக்கும் தோழியோடு நின்றுவிடும். அந்தக் கதவுச் சத்தம் போதும்.

இந்தப் படத்தின் மேல் எனக்கு ஒரு புகார் உண்டு. பெபேயை இப்படி ஒரு மிருகமாகக் காட்டியதால், 'அட, ஒரு கெட்டவன் கையில் மாட்டிக்கொண்டார்கள், நல்ல ஆளாகக் கிடைத்திருந்தால் பிரச்னை இல்லை' என்று தேற்றிக்கொள்ள ஒரு சந்து கிடைத்துவிடுகிறது. அதே மாதிரி கபிட்சா பாத்திரம். மறதி, பயம், சோம்பல், பொய். மாசத்தைக் குறைத்துச் சொல்கிறாள், முக்கியமானதை மறக்கிறாள், எல்லாவற்றையும் தோழி தலையில் கட்டுகிறாள். பார்க்கிறவனுக்கே ஒரு கட்டத்தில் இவளை இரண்டு அறை விடலாமா என்று வருகிறது. கெட்டவனும் அசடும் சேர்ந்தால் விபத்து நடக்கும்தான், அதற்குச் சட்டம் என்ன செய்யும் என்று ஒருவர் கேட்டால், படம் அதற்கு நேரடியாகப் பதில் சொல்லாது.

பதில் படத்துக்கு வெளியே இருக்கிறது. அது எண்களில் இருக்கிறது.

1966-ல் ருமேனியாவில் ஒரு லட்சம் குழந்தைகள் பிறந்தால் சுமார் 85 தாய்மார்கள் இறந்தார்கள். 1989-ல் சுமார் 170 பேர். இரண்டு மடங்கு. மருத்துவம் வளர்ந்த இருபத்து மூன்று வருஷத்தில், அக்கம்பக்கத்து நாடுகளிலெல்லாம் இந்த எண் விழுந்துகொண்டிருந்தபோது, இங்கே மட்டும் ஏறியது. அன்றைய ஐரோப்பாவில் இதுதான் மிக மோசமான எண்களில் ஒன்று. 1989-ல் நடந்த தாய் மரணங்களில் நூற்றுக்கு 87, கருக்கலைப்பால் வந்தவை. அந்த ஒரு வருஷத்தில் 500 பேருக்கு மேல். 23 வருஷத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் பதிவானது மட்டுமே சுமார் 10 ஆயிரம் பெண்கள். வேறு காரணம் எழுதிப் புதைத்தவை இந்தக் கணக்கில் வராது.

இந்தப் பத்தாயிரம் பேரும் அசடுகள் இல்லை. அவர்களுக்கு வாய்த்த ஆட்கள் அத்தனை பேரும் பெபே இல்லை. சிலருக்கு டாக்டரே செய்திருப்பார், சிலருக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டி, சிலர் தாங்களாகவே. ரத்தப்போக்கு நிற்காமல் போகும், அல்லது கிருமி தொற்றிக் காய்ச்சல் ஏறும். இரண்டுமே உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரும்பாலும் பிழைக்க வைக்கக்கூடியவை. ஆனால் எப்படிப் போவது? போனால் போலீஸுக்குத் தகவல் போகும். யார் செய்தது என்று கேட்பார்கள். பெயரைச் சொல்லும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போட்ட கதைகள் நிறையப் பதிவாகியிருக்கின்றன. டாக்டர்களுக்கும் பயம். சிகிச்சை கொடுத்தவரே குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டி வரலாம். ஒரு பக்கம் ரத்தம் போய்க்கொண்டிருக்கும், இன்னொரு பக்கம் வாக்குமூலம். பெபே இல்லாவிட்டாலும் சாவு இருந்தது என்பதுதான் இதற்கு அர்த்தம்.

படத்தில் கபிட்சா பிழைத்துக்கொள்கிறாள். அதிர்ஷ்டக்காரி. இது ஓர் அதிர்ஷ்டக்காரியின் கதை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படத்தை இன்னொரு முறை பாருங்கள். உதறல் எடுக்கும்.

*

படத்தின் மிகச் சிறந்த காட்சி அந்த அறையில் இல்லை. ஒரு சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது.

கபிட்சாவை ஓட்டலில் படுக்க வைத்துவிட்டு ஓட்டிலியா வெளியே போக வேண்டியிருக்கிறது. காதலனின் அம்மாவுக்குப் பிறந்தநாள். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. மேஜையைச் சுற்றிப் பெரிய மனிதர்கள், படித்தவர்கள், டாக்டர்கள். நடுவில் ஓட்டிலியா. கேமரா அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறது, நிமிஷக் கணக்கில். உருளைக்கிழங்கை எப்படிச் சமைப்பது என்று பேசுகிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது என்று அலுத்துக்கொள்கிறார்கள். உங்கப்பா என்ன வேலை என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் குரலில் ஒரு இளக்காரம் சேர்கிறது. எங்கோ போன் அடிக்கிறது. யாரும் எடுப்பதில்லை. அவளுக்கு மட்டும் அது கபிட்சாவாக இருக்குமோ என்று உயிர் போகிறது.

மேஜை நிறைய டாக்டர்கள். ஒரு பெண் சாகலாம் என்ற நிலைமை. ஒருவரிடமும் உதவி கேட்க முடியாது. சட்டம் என்ன செய்தது என்று இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

தனியாக வந்ததும் காதலனிடம் அவள் கேட்கிறாள், நான் கர்ப்பமானால் நீ என்ன செய்வாய் என்று. கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்கிறான். நல்ல பையன்தான். ஆனால் அந்தக் கேள்வியை அதுவரை ஒரு தடவைகூட யோசித்ததில்லை என்பது முகத்தில் எழுதியிருக்கிறது. அவள் தினமும் யோசித்திருக்கிறாள் என்பது இவள் முகத்தில்.

இன்னொரு காட்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓட்டிலியா திரும்பி வருகிறாள். கரு கலைந்துவிட்டது. பாத்ரூம் தரையில் டவலில் கிடக்கிறது. முஞ்ஜியு அதைக் காட்டுகிறார். சில வினாடி இல்லை, கொஞ்ச நேரம். பலருக்கு இந்த ஷாட் பிடிக்கவில்லை. கருக்கலைப்பை ஆதரிக்கிறவர்களுக்கு, எதிர்க்கட்சிக்கு போஸ்டர் எடுத்துக் கொடுத்துவிட்டாரே என்று வருத்தம். எதிர்க்கிறவர்களுக்கு, பார்த்தீர்களா என்று வெற்றிக் களிப்பு. எனக்கென்னவோ அவர் நாணயமாக நடந்துகொண்டதாகத்தான் படுகிறது. நடந்தது லேசான விஷயமில்லை என்று சொல்கிறார். நாலரை மாசத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது. ஏன் அவ்வளவு நாள் ஆனது? ஆள் தேட, பணம் புரட்ட, தைரியம் வரவழைக்க. ஆஸ்பத்திரிக் கதவு திறந்திருந்தால் ஆறாவது வாரத்தில் முடிந்திருக்கும். அந்த டவலில் கிடப்பதற்கும் சட்டத்துக்கும் சம்பந்தம் உண்டு.

*

1989 டிசம்பர் 25-ஆம் தேதி சௌசெஸ்குவும் மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த மாதம் வீதியில் இறங்கிய இளைஞர்கள் பலருக்கு வயது இருபது, இருபத்திரண்டு. 770-ஆம் ஆணை பிறக்க வைத்த பிள்ளைகள்! 26-ஆம் தேதி, அதாவது மறுநாளே, புதிய அரசாங்கம் அந்தத் தடையை ரத்து செய்தது. ஒரு நாட்டில் ஆட்சி கவிழ்ந்ததும் முதல் வேலையாக இதைச் செய்கிறார்கள் என்றால், ஜனங்கள் எதை அதிகம் வெறுத்தார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

1990-ல் தாய் மரணம் ஒரு லட்சத்துக்கு 83 ஆக விழுந்தது. ஒரே வருஷத்தில் பாதி. புதிய ஆஸ்பத்திரி கட்டவில்லை, புதிய மருந்து வரவில்லை. ஒரு காகிதத்தைக் கிழித்தார்கள், அவ்வளவுதான்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும், இல்லாவிட்டால் நானும் ஒரு பக்கக் கணக்கு எழுதியவன் ஆகிவிடுவேன். தடையை எடுத்ததும் பிறப்பு குறைந்தது. 1989-ல் 3 லட்சத்து 69 ஆயிரம், 1990-ல் 3 லட்சத்து 15 ஆயிரம். ஒரு பெண்ணுக்கு 2.2 குழந்தை என்றிருந்தது தொண்ணூறுகளின் நடுவில் 1.3 வரை இறங்கியது. 'பார்த்தீர்களா, சட்டம் இருந்தவரை பிள்ளைகள் பிறந்தார்கள்' என்று வாதாடலாம். ஓரளவு உண்மை. சட்டம் பிறப்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருந்தது. ஆனால் பக்கத்து நாடான பல்கேரியாவிலும் அதே வருஷங்களில் பிறப்பு சரிந்தது. பழைய ஆட்சியோடு வேலையும் வருமானமும் சரிந்த காலம் அது. நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாதவர்கள் தொட்டில் வாங்குவதைத் தள்ளிப் போட்டார்கள்.

தடை தூக்கிப் பிடித்த அந்தக் கொஞ்சத்துக்கு என்ன விலை? பத்தாயிரம் தாய்மார்கள். வளர்க்க வழியில்லாமல் அரசு விடுதிகளில் விடப்பட்ட லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். 1990-ல் வெளிநாட்டு கேமராக்கள் உள்ளே போனபோது கம்பிக் கட்டிலில் ஆடிக்கொண்டே உட்கார்ந்திருந்த அந்தக் குழந்தைகளை உலகமே பார்த்தது. பெற்றுக்கொள் என்று உத்தரவு போட்ட அரசாங்கம், வளர்த்துக்கொள்ளப் பால் தரவில்லை.

ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. கருக்கலைப்பு வெறும் அனுமதியால் குறையாது, வெறும் தடையாலும் குறையாது. தடை போனதும் 1990-ல் ருமேனியாவில் கிட்டத்தட்ட 10 லட்சம் கருக்கலைப்பு நடந்தது. 1965 நிலைமை திரும்பி வந்த மாதிரி. ஆனால் இந்த முறை மாத்திரையும் ஆலோசனையும் மெல்ல மெல்ல ஜனங்களுக்கு வந்து சேர்ந்தன. எண்ணிக்கை வருஷா வருஷம் இறங்கி, 2010-களின் நடுவில் ஒரு லட்சத்துக்கும் கீழே போனது. சௌசெஸ்குவின் போலீஸால் முடியாததை மருந்துக் கடை செய்து முடித்தது.

'அது கம்யூனிஸ்ட் சர்வாதிகாரம், அந்தக் காலம்' என்று தள்ளிவிடவும் முடியவில்லை. போலந்தைப் பாருங்கள். தேர்தல் நடக்கிற நாடு. 1993-லிருந்தே கடுமையான சட்டம். 2020 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கியது. 2023-ல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.2 குழந்தைகூட இல்லை. சட்டத்தை இறுக்கினால் தொட்டில் நிறையும் என்பது அங்கேயும் நடக்கவில்லை.

நம் நாட்டுக் கதை வேறு. ருமேனியா கதவைச் சாத்திய அதே 1966-ல், இந்தியாவில் சாந்திலால் ஷா கமிட்டி, திருட்டுத்தனமான கருக்கலைப்பில் பெண்கள் சாகிறார்கள், சட்டத்தைத் தளர்த்துங்கள் என்று அறிக்கை கொடுத்தது. 1971-ல் சட்டம் வந்தது. 2021-ல் திருத்தி, சில பிரிவினருக்கு 24 வாரம் வரை நீட்டித்தார்கள். அதில் கல்யாணம் ஆகாத பெண்ணை ஒதுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. நம் சட்டத்தில் குறைகள் உண்டு. ஊசி குத்தியது போல் பார்க்கும் நர்ஸும், 'புருஷன் கையெழுத்து எங்கே' என்று கேட்கும் கவுன்டரும் இன்னும் இருக்கின்றன. ஆனால் ஆஸ்பத்திரிக் கதவு திறந்திருக்கிறது.

இங்கேயும் காற்று கொஞ்சம் திசை மாறுகிறது. 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று சுவரில் எழுதிய நாட்டில், 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அதிகம் பிள்ளை பெறச் சொன்னார். அடுத்த நாள்களிலேயே தமிழக முதல்வராக மு.க.ஸ்டாலின் ஒரு கல்யாண மேடையில் பதினாறும் பெற்று வாழச் சொல்லலாமா என்று பாதி வேடிக்கையாகக் கேட்டார். எம்.பி. தொகுதிகளின் எண்ணிக்கை குறைந்துவிடுமே என்ற கவலை. கவலை நியாயமானது. கல்யாண மேடையில் வாழ்த்துவதற்கும் ஆணை போடுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. ஆனாலும் குழந்தையை ஒரு தலையாக, ஓட்டாக, தொகுதியாக எண்ண ஆரம்பிக்கும்போது, அந்த எண்ணை யாருடைய உடம்பிலிருந்து எடுக்கப் போகிறோம் என்ற கேள்வியையும் கூடவே கேட்டுவிடுவது நல்லது.

படத்தின் கடைசிக் காட்சி ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில். பக்கத்து ஹாலில் கல்யாண விருந்து, பாட்டு, கூத்து. ஓட்டிலியா அந்தப் பையைச் சுமந்துகொண்டு இருட்டில் ஊரெல்லாம் அலைந்து, ஓர் உயரமான கட்டடத்தின் குப்பைக் குழாயில் போட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறாள். கபிட்சாவுக்குப் பசி. கல்யாண விருந்தில் போட்ட அதே கறி வகைகளை சர்வர் தட்டில் கொண்டுவந்து வைக்கிறார். இதைப் பற்றி இனி எப்போதும் பேசக் கூடாது என்று முடிவு செய்கிறாள் ஓட்டிலியா. இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

பேசக் கூடாது என்று அவர்கள் முடிவு செய்ததைத்தான் முஞ்ஜியு பேசியிருக்கிறார். அவர் பிறந்தது 1968-ல். 770-ஆம் ஆணை அமலுக்கு வந்த பிறகு பிறந்த லட்சக்கணக்கான பிள்ளைகளில் ஒருவர்.

கிடைத்தால் பாருங்கள். சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம். காலேஜ் போகிற மகனோ மகளோ இருந்தால் அவர்களோடு பாருங்கள். முக்கியமாக மகனோடு. 'நான் கர்ப்பமானால் நீ என்ன செய்வாய்' என்ற கேள்வியை அவன் முதல் தடவையாக ஒரு சினிமாவில் கேட்பது, வேறு இடத்தில் கேட்பதைவிட எவ்வளவோ தேவலை.